காத்தாடி கேப்டன்கள்

காரைக்காலில் அந்தக் காலத்தில் விமானி என்றால் விமானிதான். வெள்ளைச் சட்டை, தோளில் பொன்னிறப் பட்டை, கறுப்புக் கண்ணாடி. அவர் ஓட்டுவது பெரிய விமானமா, சின்ன விமானமா என்று பாரதியார் வீதியில் யாரும் கேட்டதில்லை. ஆனால் இரண்டு விமானிகள் முதன்முதலாகச் சந்தித்தால், பெயருக்கு அடுத்தபடி வருகிற கேள்வி அதுதான்: எந்த விமானம்? பதில் வந்த நொடியிலேயே யார் மேலே, யார் கீழே என்பது முடிவாகிவிடும். கை குலுக்கலின் அழுத்தம்கூட அதற்குத் தக்கபடி மாறும்.

இது எனக்குத் தெரியவந்தது மீனம்பாக்கத்தில். எண்பதுகளின் நடுவில் அங்கே டிராபிக் அசிஸ்டென்ட் வேலையில் சேர்ந்தேன். டிக்கெட்டைப் பார்ப்பது, மூட்டைகளை எடை போடுவது, லோட் ஷீட் எழுதுவது, அதை விமானியிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது. நாள் முழுக்க விமானிகளோடு புழங்குகிற வேலை. அவர்களுடைய ஏணியில் எத்தனை படி, எந்தப் படியில் யார் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

உச்சிப் படியில் ஏர் இந்தியாவின் ஜம்போ கமாண்டர்கள். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்வருகிறவர்கள். அதற்குக் கீழே இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-300 கேப்டன்கள். அதற்கும் கீழே போயிங் 737. அதற்கும் கீழே இறக்கையில் காத்தாடி சுற்றுகிற ஃபோக்கர், ஆவ்ரோ. எல்லாவற்றுக்கும் அடியில், பத்தொன்பது இருக்கை டோர்னியர். அதுதான் வாயுதூத்.

வாயுதூத் 1981-ல் பிறந்தது. முதலில் வடகிழக்கு மலை ஊர்களுக்காக என்று தொடங்கினார்கள். பிறகு நாடு முழுக்கச் சின்ன ஊர்களுக்குப் பரப்பினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் நெய்வேலி, தஞ்சாவூர், புதுச்சேரி வரை அது வந்தது. டோர்னியர் 228 ஜெர்மன் விமானம். பிறகு கான்பூரில் எச்.ஏ.எல். அதைக் கட்டத் தொடங்கியது. கேபினுக்குள் காற்றழுத்தம் கிடையாது, கழிவறை கிடையாது. இருக்கை இருபதுக்குள் என்பதால் பணிப்பெண் கட்டாயமில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தால் விமானியின் பிடரியும் அவர் முன்னால் இருக்கிற முள்கடிகாரங்களும் தெரியும். ஏறுகிறபோது காதை அடைக்கும் என்று பஞ்சும் பெப்பர்மின்ட்டும் தட்டில் வைத்து நீட்டுவோம்.

அந்த விமானத்துக்கு லோட் ஷீட் எழுதுவது பெரிய விமானத்துக்கு எழுதுவதைவிடக் கடினம். முன்னூறு பேர் போகிற விமானத்தில் பத்துக் கிலோ முன்பின் ஆனால் ஒன்றும் ஆகிவிடாது. டோர்னியரில் ஒரு பருமனான ஆள் பின் வரிசையிலிருந்து முன் வரிசைக்கு மாறினாலே கணக்கு மாறும். அதனால் பயணிகளையே தராசில் ஏற்றி நிறுத்தியிருக்கிறோம். கல்யாணத்துக்குப் போகிற அம்மாக்கள் முகம் சிவந்து நிற்பார்கள். அவர்கள் எடையைச் சத்தமாகச் சொல்லாமல் தாளில் எழுதி விமானிக்கு மட்டும் காட்டுவேன். அவர் வெயிலில் நின்றபடியே படித்துவிட்டு, யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வார். பிறகு விமானத்தைச் சுற்றி நடப்பார். சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்ப்பார், காத்தாடித் தகட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார், பின்கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தானே இழுத்துப் பார்ப்பார். ஜம்போவில் பத்துப் பேர் பிரித்துச் செய்கிற வேலையை அவரும் துணை விமானியுமாகச் செய்து முடிப்பார்கள்.

இவ்வளவு செய்கிறவர் ஓய்வறைக்குள் நுழைந்தால் அவருக்குக் கிடைத்த பெயர் ‘காத்தாடி கேப்டன்’. எந்தக் கம்பெனியின் ஓய்வறை, யார் சொன்னது என்பது வேண்டாம். நான் அங்கே கையெழுத்துக்காகக் காத்து நின்றதால் என் காதில் விழுந்தது.

ஒரு கேப்டனை மட்டும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், விமானப்படையிலிருந்து வந்தவர். ஐப்பசி கடைசி. டெல்டா முழுக்க மேகம் தரைவரை தொங்குகிற நாள். தஞ்சாவூர் போன விமானம் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் வட்டமடித்துவிட்டு மெட்ராஸுக்கே திரும்பி வந்தது. பயணிகளுக்குக் கோபம். ஒருவர் டிக்கெட்டைக் கவுன்டரில் வீசினார். கேப்டன் ஓய்வறைக்குப் போனபோது ஜெட் ஓட்டுகிற ஒருவர், “என்ன, பஸ் பாதியிலேயே திரும்பிடுச்சா?” என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். இவர் பதில் சொல்லவில்லை. லாக் புக்கில் எழுதி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தம்பி, மூணாவது வரிசையில ஒரு பெரியவர் வந்தாரே, திருவையாத்துக்காரர்?”

“ஆமா சார்.”

“காதைப் பொத்திக்கிட்டே இருந்தார். இறங்கறப்ப ரொம்ப வலிச்சிருக்கு. நாளைக்கு அவர் வந்தா எனக்குச் சொல்லு. இறக்கத்தைக் கொஞ்சம் மெதுவா வச்சுக்கறேன்.”

மறுநாள் பெரியவர் வந்தார். நான் சொன்னேன். கேப்டன் அவரிடம் போய், எச்சில் விழுங்கிக்கொண்டே இருங்கள் என்று நடித்தும் காட்டினார். பெரியவரின் முழங்கையைப் பிடித்துப் படியேற்றியதும் அவர்தான். ஜம்போ கமாண்டர் ஒருவர் பயணியின் காதுவலியைப் பற்றி விசாரிக்க வாய்ப்பே இல்லை. அது அவர் குறையும் இல்லை, அவருக்கும் பயணிக்கும் நடுவே கதவும் மாடியும் இருந்தன.

தொழிலுக்குள் இருக்கிற இந்த ஏணி எனக்குப் புதிதாக இருந்ததற்குக் காரணம் எங்கள் ஊர். காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் என் சிறுவயதில் தெருவுக்குச் சிலர் இருந்தார்கள். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு நிற்பார்கள். இந்தோசீனாவில் துப்பாக்கி பிடித்தவரும், பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். யார் என்ன செய்தார் என்று ஊர் தரம் பிரித்ததில்லை. அதையே பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரே உரிமம் வாங்கிய இருவரில் ஒருவர் மற்றவரை இளப்பமாகப் பார்ப்பது ஒப்பவில்லை. இன்றுவரை ஒப்பவில்லை.

அந்த ஏணியின் கீழ்ப்படியில் யாரெல்லாம் நின்றிருந்தார்கள் என்று பாருங்கள். ராஜீவ் காந்தி அரசியலுக்கு வருவதற்கு முன் இந்தியன் ஏர்லைன்ஸில் ஆவ்ரோ ஓட்டியவர். 1985 நவம்பரில் இந்தியாவில் முதன்முதலாகப் பெண்கள் மட்டுமே இயக்கிய பயணி விமானம் ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப்; கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு. கேப்டன் சௌதாமினி தேஷ்முக், கூட நிவேதிதா பாசின். இன்று இந்திய விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள். உலகச் சராசரியைப் போல மூன்று மடங்கு. அந்தக் கதவைத் திறந்ததும் ஒரு காத்தாடி விமானம்தான்.

ஆபத்தும் அவர்களுக்குக் குறைவில்லை. 1988 அக்டோபர் 19 அன்று காலையில் அகமதாபாத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் விழுந்து 133 பேர் இறந்தார்கள். அதே நாள் குவாஹாத்தி அருகே வாயுதூத் ஃபோக்கர் விழுந்து, அதிலிருந்த 34 பேரும் போனார்கள். அன்று மீனம்பாக்கத்தில் பேச்சு முழுக்க அகமதாபாத்தைப் பற்றியே இருந்தது. பெரிய விமானத்தின் சாவுக்குக் கூடப் பெரிய இடம் கிடைத்தது. குவாஹாத்தி விமானியை நேரில் அறிந்த ஒரு துணை விமானி டீ வாங்கிக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

பிறகு ஏ-320 வந்தது. 1989. கம்ப்யூட்டர் சொல்படி நடக்கிற விமானம், பக்கத்தில் சின்னக் கைப்பிடி, எதிரே டிவி போலத் திரைகள். அதற்குப் பயிற்சி பெறப் போன விமானிகளின் நடையே மாறியது. அடுத்த வருஷம் பிப்ரவரி 14, பெங்களூரில் ஒரு ஏ-320 ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையைத் தொட்டு நொறுங்கியது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். அரசு எல்லா ஏ-320 விமானங்களையும் தரையில் நிறுத்திவிட்டது. மாதக்கணக்கில் நின்றன. நாட்டின் மிகப் புதிய விமானங்கள் தார்ப்பாய் போர்த்தி நிற்க, பழைய போயிங்கும் ஆவ்ரோவும் டோர்னியரும் கூட்டத்தைச் சுமந்தன. ஏணியில் உச்சிக்குப் போனவர்கள் ஓய்வறையில் செய்தித்தாள் படித்தார்கள். அடிப்படியில் இருந்தவர்கள் ஒரு நாளைக்கு ஆறு முறை ஏறி இறங்கினார்கள். அப்போதாவது மரியாதை மாறும் என்று நான் எதிர்பார்த்தேன். மாறவில்லை. தரையில் நிற்கிற ஜெட் விமானி, பறக்கிற காத்தாடி விமானியைவிட மேலானவராகவே நீடித்தார்.

வாயுதூத் நிலைக்கவில்லை. பல ஊர்களில் இருக்கை நிரம்பவில்லை, நஷ்டம். தஞ்சாவூர் சேவை நின்றது. 1993-ல் வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்தார்கள். தனியார்களில், மெட்ராஸைத் தலைமையிடமாக வைத்து ஃபோக்கர் ஓட்டிய என்.இ.பி.சி. சில வருஷம் இருந்து 1997-ல் மறைந்தது. மதுரையிலிருந்து வந்த பாரமவுண்ட் 2005 முதல் 2010 வரை. டெக்கான், கிங்ஃபிஷர் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

நான் சொல்ல விரும்புவது வேறொன்று. 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக்கினார்கள். கம்பெனி ஒன்றானது, விமானிகள் ஒன்றாகவில்லை. ஏர் இந்தியா விமானிகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்டு. இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். ஒரே கம்பெனியில் வேலை, ஏன் சம்பளம் மட்டும் இரண்டு விதம் என்று கேட்டு 2011 ஏப்ரல் கடைசியில் இரண்டாமவர்கள் வேலையை நிறுத்தினார்கள். பத்து நாள். அடுத்த வருஷம் மே மாதம் முதலாமவர்கள் நிறுத்தினார்கள். வரப்போகிற போயிங் 787 ட்ரீம்லைனரில் உள்நாட்டு விமானிகளுக்கும் சரிபாதிப் பயிற்சி தரக் கூடாது என்பதுதான் அடிப்படைச் சண்டை. அது 58 நாள் நடந்தது. நூறு பேருக்கு மேல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடைசியில் ஜூலை முதல் வாரத்தில் நீதிமன்றத்தின் மூலமாக முடிவுக்கு வந்தது.

சம்பளமும் பதவி உயர்வும் உண்மையான பிரச்சினைகள். குடும்பம் உள்ளவர்களுக்கு அது விளையாட்டில்லை. ஆனால் அடியில் இருந்தது பழைய கேள்விதான்: நான் கடல் தாண்டிப் போகிறவன், நீ மதுரைக்குப் போய்த் திரும்புகிறவன், நாம் இருவரும் எப்படிச் சமம்? நான் அப்போது ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கத்திலும் எனக்குப் பழக்கமான கேப்டன்கள் இருந்தார்கள். ஒரே காரில் வந்து இறங்கியவர்கள் தனித்தனியே வரத் தொடங்கினார்கள். அந்தப் பிளவு கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் செய்தது என்பதைவிட, அவர்களுக்கு எவ்வளவு செய்தது என்பதுதான் என்னை வருத்தியது.

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா கைக்குப் போனது. ஜம்போக்கள் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. ட்ரீம்லைனர் போனது, ஏ-320 போனது, யாருக்கு எந்தப் படி என்று சண்டை போட்ட ஏணி முழுதும் போனது. இந்திய அரசிடம் மிஞ்சியது ஒன்றே ஒன்று: அலையன்ஸ் ஏர். ஏடிஆர் ஓட்டுகிற, காத்தாடி விமானக் கம்பெனி. 1996-ல் இந்தியன் ஏர்லைன்ஸின் துணைக் கம்பெனியாகத் தொடங்கி, எப்போதும் கடைசி வரிசையிலேயே வைக்கப்பட்டிருந்தது. இன்று நாட்டின் அரசு விமான நிறுவனம் என்றால் அதுதான். அதே 2022 ஏப்ரலில் அதன் கொடியோடு ஒரு டோர்னியர் 228, திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்குப் போனது. கான்பூரில் கட்டியது. செய்தியில் அந்தப் படத்தைப் பார்த்தபோது தஞ்சாவூர்க் கேப்டன் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

இப்போது என் தங்கை மகளுக்கு வருகிறேன். அவள் ஏடிஆரில் ஃபர்ஸ்ட் ஆபீசர். எந்தக் கம்பெனி என்று எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். படிப்புக்கு ஆன செலவு ஒரு கோடியைத் தொட்டது. அரசலாற்றங்கரையில் இருந்த மனைக்கட்டு போனது, என் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பங்கும் போனது. கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம் மட்டும்தான். அவளோடு படித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலோர் ஏர்பஸ்ஸில். இவளுக்குச் சம்பளமும் அவர்களைவிடக் குறைவு. யாராவது ஏர்பஸ்ஸுக்கு மாறினால் குழுவில் பூங்கொத்துப் படமாக வரும். யாராவது ஏடிஆருக்கு வந்தால், “பரவாயில்ல, கொஞ்ச நாள்தான்” என்று வரும். அந்தச் செய்தியை எனக்குக் காட்டினாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஓய்வறை அப்படியே கைபேசிக்குள் குடியேறியிருந்தது.

“மாமா, அவங்க தப்பா எதுவும் சொல்லலை. அன்பாத்தான் சொல்றாங்க.”

“அதுதாம்மா எனக்கு ஆத்திரம்.”

அவள் செய்கிற வேலையை அவள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஜெட் முப்பத்தைந்தாயிரம் அடியில் மழைக்கு மேலே போய்விடும். ஏடிஆரின் உச்சவரம்பே இருபத்தைந்தாயிரம் அடி. பெரும்பாலும் அதற்கும் கீழேதான். கார்த்திகை மாதத்து மேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க வழியில்லை, ரேடாரைப் பார்த்து இடையில் வளைந்து போக வேண்டும். புதுச்சேரியின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையில் பாதிகூட இல்லை. சக்கரம் தொட வேண்டிய இடத்தில் தொட வேண்டும். கடலிலிருந்து குறுக்குக்காற்று அடிக்கும். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே இறங்கி, கடைசி நொடியில் காலால் நேராக்க வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு நாலு, சில நாள் ஆறு இறக்கம். நீண்டதூர ஜெட் விமானிகள் உரிமத்தைப் பயன்படுத்த 90 நாளில் மூன்று இறக்கமாவது செய்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது போதாமல் சிமுலேட்டரில் போய்க் கணக்கை நிரப்புகிறவர்களும் உண்டு. அந்த மூன்றை இவள் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவாள்.

ஒருமுறை அவள் விமானத்திலேயே புதுச்சேரியில் போய் இறங்கினேன். ஏடிஆரில் பயணிகள் ஏறுவது வால்பக்கக் கதவில். சாமான் அறை முன்னால். முன்பக்கச் சாமானை முதலில் இறக்கிவிட்டு, பின்பக்கம் ஆட்கள் கூட்டமாக நின்றால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்க வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கம்பை நிறுத்துகிறார்கள். அந்தக் கம்பைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். டோர்னியரில் நாங்கள் கல்யாணத்துக்குப் போன அம்மாக்களை எடை போட்ட அதே கணக்கு. வலது பக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் காத்தாடி அசையவில்லை. பிரேக் போட்டுக் காத்தாடியை நிறுத்திவிட்டு, எஞ்சினை மட்டும் மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் ஓடவிடுகிற ஏற்பாடு. சின்ன விமான நிலையத்தில் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சும் இத்தாலியும் சேர்ந்து கட்டுகிற விமானம். துலூஸ் நகரத்தில் முழுமையாகிறது. அவள் குழுவினர் பூங்கொத்து அனுப்பிக் கொண்டாடுகிற ஏ-320-களில் பலவும் அதே துலூஸிலிருந்துதான் வருகின்றன. ஏடிஆர் கம்பெனியில் பாதிப் பங்கு ஏர்பஸ்ஸுடையது. தகப்பன் ஒருவர்தான், பிள்ளைகளுக்குள் மேல் கீழ் பார்ப்பது ஓட்டுகிறவர்கள்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று தங்கை கேட்கிறாள். என் ஊர் சின்ன ஊர், அதுதான் காரணம். 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து டெல்லிக்கு, சின்ன ஊர்களை விமானத்தால் இணைக்கிற உடான் திட்டத்தின் முதல் விமானம் புறப்பட்டது, ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள். அந்த மலைமேட்டில் இறங்கிக் கிளம்பியது ஏடிஆர். சேலத்துக்கு 2018-ல் வந்தது ஏடிஆர். யாழ்ப்பாணத்துப் பலாலியில் 2019 நவம்பரில் சென்னையிலிருந்து போய் இறங்கியது ஏடிஆர். கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி போனதும் அதுவே. போருக்குப் பின் பத்து வருஷம் காத்திருந்த சனத்துக்கு இந்தியாவிலிருந்து வந்த முதல் பயணி விமானத்தை ஓட்டிச்சென்றவர்கள் அலையன்ஸ் ஏரின் காத்தாடி விமானிகள். வரைபடத்தில் சென்னைக்கும் பலாலிக்கும் நேர்கோடு போட்டுப் பாருங்கள், காரைக்காலுக்குச் சற்றுக் கிழக்கே கடல்மேல் போகும். புதுச்சேரியில் சேவை வருவதும் நிற்பதுமாக இருந்து, 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திரும்ப வந்ததும் ஏடிஆரால். பெரிய விமானங்களின் பயணிகள் சேவை இல்லாத ஊர்கள் இவை. சின்ன விமானத்தை இளப்பமாகப் பேசுகிறவர் தெரியாமலே சின்ன ஊரையும் சேர்த்துத்தான் இளப்பமாகப் பேசுகிறார்.

காரைக்காலுக்கும் ஒரு விமான நிலையம் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி மூன்றும் பக்கம் பக்கம். சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் சனம் வருகிறது. மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்த புது விமான நிலையங்களின் பட்டியலில் நவி மும்பை, கோவாவின் மோபாவோடு காரைக்காலும் இருக்கிறது. மோபாவில் விமானம் பறக்கிறது, நவி மும்பையும் வந்துவிட்டது. நாங்கள் இன்னும் திருச்சிக்கு நாலு மணி நேரம் பஸ் பிடிக்கிறோம். ஓடுபாதை போடுகிற நாள் வந்தால், எங்கள் மண்ணில் முதலில் இறங்கப்போகிறவர் ஏடிஆர் கேப்டனாகத்தான் இருப்பார். அவரை வரவேற்கிற ஊர் அவருடைய தொழிலைப் புரிந்து வரவேற்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் ஊர் மாறிவிட்டது. எந்த விமானம் என்று ஒருநாளும் கேட்காத ஊர் இப்போது கேட்கிறது. தங்கை மகளுக்கு வரன் பார்க்கிறோம். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனின் அம்மா போனில் எல்லாம் மரியாதையாகப் பேசிவிட்டு, கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

“பொண்ணு ஏர்பஸ்ஸா, ஏடிஆருங்களா? எங்க தம்பி பையன் சொன்னான், ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்காம்ல?”

தங்கை போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசிவிட்டாள்.

“ஏடிஆருங்க. புதுச்சேரில, யாழ்ப்பாணத்துல எல்லாம் இறங்கறது. அந்த ஏர்பஸ்ஸு அங்கல்லாம் இறங்க முடியாதுங்களாம், எங்க அண்ணன் சொல்வாங்க. சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வருவீங்கல்ல, அப்ப வீட்டுக்கு வாங்க. அவளுக்கு லீவு இருந்தா நேர்லயே கேட்டுக்கலாம்.”

பையன் வீட்டார் வந்தார்கள். பையனின் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்பிரஸ் கார்டுக்கும் பாசஞ்சர் கார்டுக்கும் தங்கள் ஓய்வறையில் இருந்த வித்தியாசத்தை அவரே எனக்குச் சொன்னார். பெரளம் லைனில் பாசஞ்சரில் கார்டாகப் போன காலத்தைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்தது. ஜாதகம் பொருந்தியிருக்கிறது. தங்கை மகளுக்குக் கேப்டன் பதவிக்கான பயிற்சி தைக்குப் பிறகு தொடங்குகிறது. அது முடிந்து நாலாவது பட்டை தோளில் ஏறிய பிறகு முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று நான் கேட்டேன்; அதுவரை பொறுப்பதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.